கோணேசர் காசா, நாயக்கர் காசா? கொட்டைப்பெட்டியில் கிடைத்த ஐந்து செப்புக்காசுகள்

உப்புவெளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் உள்ள எங்கள் அம்மம்மாவின் வீட்டைத் திருத்துவதற்காகப் பழைய பெட்டகத்தை ஒதுக்கியபோது, அதன் அடித்தட்டில் பனையோலையால் பின்னிய ஒரு கொட்டைப்பெட்டி கிடைத்தது. அதற்குள் ஐந்து செப்புக்காசுகள் இருந்தன. முதலாவதில் படுத்திருக்கும் காளையும் அதன் கீழே இரண்டு தமிழ் எழுத்துகளும் தெரிகின்றன. இரண்டாவதில் கையை ஓங்கி, வாலைத் தலைக்கு மேல் வளைத்து நிற்கும் அனுமன் உருவம் உள்ளது. மூன்றாவதில் ஒருபுறம் பூவைப் போன்ற ஒரு வடிவமும் மறுபுறம் தமிழ் எழுத்துகளும் உள்ளன. நான்காவது மிகவும் தடித்தது. அதில் கோலம் போட்டது போலப் பின்னிய கோடுகளும், அவற்றின் கீழே ஆவுடையாரில் நிற்கும் இலிங்கம் போன்ற ஒரு குறியும் இருக்கின்றன. ஐந்தாவது இருபுறமும் வழுவழுப்பாகத் தேய்ந்துவிட்டது.

பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவருக்குக் காட்டினேன். அவர் நான்காவதை மட்டும் தனியே எடுத்து, இது மதுரை நாயக்கர் கோணேசர் கோயிலுக்காக அடித்த "கோணேசர் காசு" என்றும், இலிங்கமே அதற்குச் சான்று என்றும் சொல்லி, நான் நினைத்தும் பாராத ஒரு தொகைக்குக் கேட்டார். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையாக இருந்தால் அது எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று நினைத்து இரண்டு இரவுகள் உறக்கம் வரவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். படங்களைத் தரவேற்றியுள்ளேன்.

செப்புக்காசு எழுதியது:

தம்பி, முதலில் உங்களுக்கு நன்றி. பலர் விற்றுவிட்ட பிறகுதான் கேட்க வருகிறார்கள்.

உருவத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயக்கர் காலத்துச் செப்புக்காசுகளில் காளை, அனுமன், கருடன், மயில், யானை, மீன், பிள்ளையார், கிளி ஏந்திய மீனாட்சி, சிவனும் பார்வதியும், இலிங்கம் என்று எத்தனையோ உருவங்கள் வருகின்றன. ஆகவே இலிங்கம் இருப்பது வியப்பன்று. ஆனால் இலிங்கம் இருப்பதனாலேயே அது நாயக்கர் காசு ஆகிவிடாது, நாயக்கர் காசாகவே இருந்தாலும் அதனால் கோணேசர் காசு ஆகிவிடாது. வியாபாரி இந்த இரண்டு படிகளையும் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார்.

இந்தக் காசுகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதை அறிந்தால் அவற்றைப் படிப்பது எளிதாகும். செம்பை உருக்கிக் கம்பியாகவோ தகடாகவோ ஆக்கி, எடைக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டி, தட்டிச் சில்லாக்கினார்கள். ஓர் அச்சைப் பட்டறைக்கட்டையில் தலை தெரியப் பதித்து, சூடேற்றிய சில்லை அதன்மேல் வைத்து, இரண்டாவது அச்சைக் கையில் பிடித்து மேலே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார்கள். அச்சில் வெட்டிய உருவம் பெரும்பாலும் சில்லைவிடப் பெரியது. அதனால் ஒவ்வொரு காசிலும் அச்சின் ஒரு பகுதி மட்டுமே விழும். ஒன்றில் காளையின் திமிலும் கொம்பும் இருக்கும், கால் இராது. இன்னொன்றில் எழுத்தின் முன்பாதி இருக்கும், பின்பாதி செம்புக்கு வெளியே காற்றில் போயிருக்கும். ஒரே அச்சில் அடித்த பத்துப் பன்னிரண்டு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழு அச்சும் மனத்தில் எழும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை அதுதான்.

ஆகவே ஒவ்வொரு காசின் எடை, தடிப்பு, விளிம்பு எப்படி இருக்கிறது என்பது, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். படங்களை நேர்வெளிச்சத்தில் எடுக்காமல், மாலையில் சன்னலருகே வைத்துச் சாய்வெளிச்சத்தில் எடுங்கள். தேய்ந்த கோடுகள் நிழலால்தான் தெரியும்.

நிலாவெளியாள் எழுதியது:

நான் வேதியியல் படிப்பிக்கிறவள். காசைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, செம்பைப் பற்றித் தெரியும். உப்புவெளியானிடம் ஒரேயொரு வேண்டுகோள்: தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். குத்துவிளக்கும் செம்புக்குடமும் விளக்குவது போல இவற்றை விளக்கக்கூடாது. புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும்போது, அந்தக் களிம்பினுள்ளே காப்பாற்றப்பட்டிருக்கும் எழுத்தின் விளிம்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். பல நூற்றாண்டு நிலைத்த மேற்பரப்பை ஐந்து நிமிடத்தில் இழந்துவிடுவீர்கள்.

இறுகிய கரும்பச்சை அல்லது பழுப்புநிறப் படலம் காசுக்குக் கவசம், அதை விட்டுவிடுங்கள். அஞ்ச வேண்டியது வெளிர்பச்சை நிறத்தில் மாவு போலப் பொருக்கெழும் இடங்களைத்தான். அது குளோரைட்டினால் வருவது. எங்களைப் போலக் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு உப்புக்காற்று எப்போதும் உண்டு, அந்த உப்பு செம்புக்குள் புகுந்து ஈரத்துடனும் காற்றுடனும் சேர்ந்து உள்ளே அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரைப் பல நாள்கள் மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மலிவான பீவீசீ உறைகளில் போடாதீர்கள். அவை காலப்போக்கில் உமிழும் பொருள் செம்பின் மேல் பச்சைப் பிசினாகப் படியும்.

உப்புவெளியான் எழுதியது:

ரீச்சர், உங்கள் பதிவு ஒரு கிழமை முன்னதாக வந்திருக்கக்கூடாதா என்று மனம் ஏங்குகிறது. ஐந்தாவது காசை நான் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிட்டேன். தேய்ப்பதற்கு முன் அதில் ஏதோ மங்கலான வளைவு ஒன்று இருந்தது. இப்போது புதிய குடம் போலப் பளபளக்கிறது, வளைவு இல்லை. அது என்ன காசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. மற்ற நான்கிலும் கை வைக்கவில்லை.

நகைக்கடைத் தராசில் நிறுத்தேன். காளைக்காசும் அனுமன் காசும் மூன்று கிராமுக்கு அண்மையில் உள்ளன. பூக்காசு அவற்றைவிடச் சற்றுக் கூட. நான்காவது மற்றவற்றைவிடப் பல மடங்கு கனம், கையில் வைத்தால் காசு போலவே இல்லை, எடைக்கல் போல இருக்கிறது. காளைக்காசின் கீழேயுள்ள எழுத்துகளைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தேன். முதலெழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. "சேது" என்று படிக்கிறேன்.

செப்புக்காசு எழுதியது:

சரியாகப் படித்திருக்கிறீர்கள். அது சேதுக்காசு, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. அந்த அரசர்கள் தங்களைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டார்கள், கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமைக் கல்வெட்டும் "சேது" என்ற மங்கலச் சொல்லோடு தொடங்குகிறது. இந்தக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று முன்பு சிலர் எண்ணியதுண்டு. சேதுபதிகளும் காசு அடித்தவர்கள்தான். ஆனால் சேதுபதி ஆட்சி 1605இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரால் மீண்டும் நிறுவப்பட்டது, காளையும் சேதுவும் உள்ள காசுகளோ அதற்கு வெகு முந்தியவை, இலங்கையின் வடபகுதியில் மிகுதியாகக் கிடைப்பவை. ஒரு பெயரின் ஒற்றுமையை நம்பினால் இருநூறு முந்நூறு ஆண்டு பிழையாகிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பூக்காசு பிரெஞ்சுக்காரருடையது. அந்தப் பூ பிரெஞ்சு அரசமரபின் லில்லிப்பூ. மறுபுறம் மூன்று வரியில் "புது", "சசெ", "ரி" என்று இருக்க வேண்டும், பாருங்கள். புள்ளி வைக்கும் வழக்கமும் ஏகாரத்துக்குச் சுழித்த கொம்பும் அக்கால எழுத்தில் இல்லை, ஆகவே "புதுச்சேரி" அப்படித்தான் தெரியும். இதைக் கண்டு எழுத்துப்பிழை என்றோ போலி என்றோ தள்ளிவிட்டவர்களை நான் அறிவேன். ஒல்லாந்தரும் (டச்சுக்காரரும்) நாகப்பட்டினத்தில் ஒருபுறம் அம்மன் உருவமும் மறுபுறம் தமிழில் ஊர்ப்பெயரும் கொண்ட காசை அடித்தார்கள். சந்தையில் கீரை வாங்கும் கைக்குப் பழக்கமான முகம் வேண்டும் அல்லவா? கடல் கடந்து வந்த கும்பனிகளும் அதற்குப் பணிந்தன.

அனுமன் காசுதான் கடினம். அனுமன் விசயநகரத்தின் தொடக்க அரசர் காசுகளிலேயே வருகிறான். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்த பிறகு மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் மெல்ல மெல்லத் தன்னாட்சி பெற்றபோது, அந்தப் பழைய உருவங்களையே காசடிக்கும் தங்கள் கம்பட்டங்களிலும் தொடர்ந்தார்கள். மதுரையில் முதல் நாயக்கரான விசுவநாதரின் காசில் ஒருபுறம் அவர் பெயரும் மறுபுறம் "பாண்டியன்" என்ற சொல்லும் இருப்பதைப் பார்த்தால், புதிய ஆட்சி பழைய பெயரின் நிழலில் எவ்வளவு கவனமாக நின்றது என்பது விளங்கும். உங்கள் காசின் பின்புறத்தில் எழுத்து இருந்தால் மேலே பேசலாம். இல்லையேல் "விசயநகரம் அல்லது நாயக்கர், அனுமன் வகை" என்று குறித்து வைப்பதே நேர்மை.

தம்பலகாமத்தான் எழுதியது:

மதிப்புக்குரிய ஐயாவுடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நாயக்கர் காலத்துக் காசு திருகோணமலையில் ஒரு பழைய குடும்பத்திடம் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், இடித்த கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். பாண்டியரின் இணைக்கயல் இன்றும் அந்தக் கோட்டை வாசலில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குத் தமிழகத்து அரசர்களின் கொடை இருந்திருக்காது என்று எப்படிச் சொல்லலாம்? காசு அந்தத் தொடர்பின் சான்றாகாதா? எங்கள் கோயிலின் பொன்னும் ஏடும் போய்விட்டன. எஞ்சியிருப்பவை இப்படிப்பட்ட சின்னஞ்சிறு பொருள்கள்தாம். அவற்றையும் "சொல்ல முடியாது" என்று ஒதுக்கினால் எங்களுக்கு என்னதான் மிஞ்சும்?

செப்புக்காசு எழுதியது:

உங்கள் வேதனை என் வேதனையும்தான். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு ஏறும்போதெல்லாம் அந்தக் கயல்களின் முன் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் கொடை வேறு, செப்புக்காசு வேறு. அரசர் கோயிலுக்குக் கொடுத்தால் நிலமாகவும் பொன்னாகவும் கொடுப்பார், அது கல்லிலோ செப்பேட்டிலோ ஏறும். செப்புக்காசு வெற்றிலைக்கும் உப்புக்கும் கூலிக்கும் கொடுத்த சில்லறை. பிற்காலச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. அந்த அளவில் வைத்துப் பாருங்கள், ஓர் அனுமன் காசு யாருடைய மடியில் இருந்திருக்கும் என்று புரியும்.

தொடர்பு இல்லை என்று நான் சொல்லவேயில்லை. 1620இல் டென்மார்க்கிலிருந்து வந்த கப்பல்கள் திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கின, அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை அவர்களுக்கு அளித்தார். யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து மீட்க உதவி கேட்டபோது அவர் வருணகுலத்தான் தலைமையில் படை அனுப்பினார். இப்படி ஆளும் பொருளும் போய்வந்துகொண்டிருந்த கடல் இது. காசு அந்தப் போக்குவரத்துக்குச் சான்று, ஆட்சிக்குச் சான்றன்று.

கிண்ணியா நானா எழுதியது:

இங்கே ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வாப்பாவின் வாப்பா தோணித் தொழில் செய்தவர். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் போய்வந்த கதைகளை வாப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் இருப்பவனுக்குக் காசில் யார் பெயர் என்பது முக்கியமில்லை, செம்பு எவ்வளவு என்பதே முக்கியம். வேற்றூர்க் காசென்றால் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டு வாங்குவார்கள், அவ்வளவுதான். சேதுவும் அனுமனும் புதுச்சேரியும் ஒரே கொட்டைப்பெட்டியில் கிடப்பதில் எனக்கு வியப்பே இல்லை. துறைமுகத்து மடி அப்படித்தான் இருக்கும்.

நான் செம்பு, பித்தளை வியாபாரம் செய்பவன் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். தம்பி, அந்தத் தடித்த காசின் விளிம்பைப் பாருங்கள். தகட்டிலிருந்து வெட்டியதா, கம்பியிலிருந்து துண்டித்ததா? கம்பியில் உளிவைத்து நறுக்கினால் விளிம்பில் ஓரிடம் மழுங்கிப் பிதுங்கி நிற்கும்.

உப்புவெளியான் எழுதியது:

நானா, நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. விளிம்பு வட்டமாக இல்லை, ஒருபுறம் பிதுங்கியும் எதிர்ப்புறம் சிறிது வெடித்தும் இருக்கிறது. அனுமன் காசின் பின்புறத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏதோ எழுத்து இருந்த தடம் மட்டுமே தெரிகிறது. ஐயா சொன்னபடி "அனுமன் வகை" என்று எழுதி வைத்துவிட்டேன்.

செப்புக்காசு எழுதியது:

நானா நல்ல கேள்வி கேட்டார். அந்தக் கனமும் இந்த விளிம்பும் சேர்ந்து எனக்கு ஓர் ஐயத்தைத் தருகின்றன. நாயக்கர் காசு இவ்வளவு தடிப்பாக வராது. தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். நான்காவது காசைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். இலிங்கம் மேலே வரட்டும், கோலம் கீழே வரட்டும். இலிங்கம் என்பதை மறந்துவிட்டு, கண்ணில் படும் கோடுகளை மட்டும் எழுதுங்கள். பிறகு மறுபுறத்தையும் அதேபோல் பாருங்கள்.

உப்புவெளியான் எழுதியது:

பின்னேரம் நாலரைக்குச் சன்னலடியில் வைத்துப் பார்த்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திருப்பி வைத்தவுடன் ஆவுடையார் ஒரு கிடைக்கோடாக மேலே போய்விட்டது, இலிங்கம் அதன் நடுவிலிருந்து இறங்கும் ஒரு நிமிர்கோடாகிவிட்டது. அது ஆங்கில "ரீ" (T) எழுத்து. கீழே கோலம் என்று நான் நினைத்தது ஒரு பெரிய "வீ" எழுத்தும், அதன் இரண்டு கைகளிலும் கோத்த ஒரு வட்டமும் ஒரு பிறையும். ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை. மறுபுறத்தில் ஒன்று என்ற இலக்கமும், அதன் பக்கத்தில் "எஸ்" எழுத்தின் வளைவும், கீழே 179 என்ற மூன்று இலக்கங்களும் தெரிகின்றன. நான்காவது இலக்கம் விழவேண்டிய இடத்தில் செம்பு முடிந்துவிட்டது.

அப்படியானால் இது கோணேசர் காசு இல்லை. ஆனால் அந்த "ரீ" எழுத்து என்ன?

செப்புக்காசு எழுதியது:

அந்த "ரீ" நம்முடைய ஊர், தம்பி.

ஒல்லாந்தர் இலங்கையில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அடித்த ஒரு ஸ்டைவர் (ஒல்லாந்தரின் சில்லறை அலகு) காசுகளில், கும்பனி முத்திரைக்கு மேலே அடித்த ஊரின் முதலெழுத்து இருக்கும். கொழும்புக்கு "சீ", காலிக்கு "ஜீ", யாழ்ப்பாணத்துக்கு "ஐ", திருகோணமலைக்கு "ரீ". 1780 முதல் 1784 வரை ஒல்லாந்தும் இங்கிலாந்தும் போரிட்டபோது ஐரோப்பாவிலிருந்து சில்லறை வருவது தடைப்பட்டது. 1782இல் திருகோணமலையே முதலில் ஆங்கிலேயரிடமும், அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனிடமும் மாறியது. பின்பு ஒல்லாந்தரிடம் திரும்பி வந்து, 1795இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தச் சிறிய இடைவெளியில், இந்த ஊரில், ஒருவர் செம்புத் துண்டை அச்சின்மேல் வைத்து அடித்த காசு உங்கள் கையில் இருக்கிறது. கும்பனி வணிகம் செய்த செம்பில் பெரும்பகுதி யப்பானிலிருந்து வந்தது. 1785இல் கொழும்பில் யப்பானியச் செப்புக் கட்டிகளையே துண்டாக்கி, முத்திரை குத்தி, நாலே முக்கால் ஸ்டைவர் என்று புழக்கத்தில் விட்டார்கள்.

அடித்த முறையைப் பாருங்கள். இலக்கம் செம்புக்கு வெளியே போனது, விளிம்பு வெடித்தது, எல்லாம் நாயக்கர் கம்பட்டத்தில் நடந்தவைதாம். முத்திரை ஐரோப்பாவினுடையது, சம்மட்டி பிடித்த கைப்பழக்கம் இந்தக் கரைகளில் இருந்தது. நான் நாற்பது ஆண்டுகளாகக் காசு பார்க்கிறேன், "ரீ" எழுத்துள்ள காசை அது அடிக்கப்பட்ட ஊரிலேயே ஒரு குடும்பம் வைத்திருந்து பார்த்ததில்லை. அந்த வியாபாரி தனியே எடுத்ததும் இதைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

தம்பலகாமத்தான் எழுதியது:

கோணேசர் காசு என்று நம்ப விரும்பினேன், மறைக்கவில்லை. ஆனாலும் நம் ஊர் எழுத்தைக் காட்டித்தந்ததற்கு ஐயாவுக்கு நன்றி. தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்து ஒருமுறை பார்க்க அனுமதிப்பீர்களா?

செப்புக்காசு எழுதியது:

ஒரு நினைவூட்டல், எல்லாருக்கும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் தொல்பொருள்களாகும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உரிமம் வேண்டும், மண்ணைத் தோண்டித் தேடவும் அனுமதி வேண்டும். வயலிலோ கிணற்றிலோ யாருக்காவது கிடைத்தால், எடுத்த இடத்தையும் ஆழத்தையும் உடனே குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். இடம் தெரியாத காசு பாதி ஊமை.

உப்புவெளியான் எழுதியது:

தம்பலகாமத்து அண்ணா, தாராளமாக வாருங்கள்.

நேற்று அம்மாவிடம் "ரீ" எழுத்தைக் காட்டிக் கேட்டேன். கொட்டைப்பெட்டி அம்மம்மாவின் தாயாருடையது என்றும், அவர்கள் அந்தக் காலத்தில் ஒல்லாந்தக் குடாக்கரையில் குடியிருந்தார்கள் என்றும், தடித்த காசை அம்மம்மா கதவிடுக்கில் ஆப்பாக வைத்திருந்ததைத் தான் சிறுமியாகப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். இவை அனைத்தையும் அம்மா சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையொப்பமும் வாங்கி, காசுகளுடன் டப்பாவில் வைத்துவிட்டேன். ரீச்சர் சொன்ன சிலிக்கா மணிகளும் போட்டாயிற்று. புளி தேய்த்த ஐந்தாவது காசையும் அதே டப்பாவில் வைத்து, அதன் சீட்டில் "ஒரு வளைவு இருந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.